மார்க் விடூக்கா: தந்தையர் நாடு அழைத்த ஆட்டக்காரன்

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரில் அவுஸ்திரேலியாவும் குரோஷியாவும் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியொன்றில் மோதின. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. தொலைக்காட்சியின் முன்னால் விழித்திருந்தவர்களுள் நானும் ஒருவன். அந்த ஆட்டத்தை இன்றும் பலர் நினைவிற் கொண்டிருப்பதற்குக் காரணம் இங்கிலாந்து மத்தியஸ்தர் கிரஹாம் போல் இழைத்த தவறே. குரோஷியாவின் பின்கள வீரர் யோசிப் சிமுனிச்சுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டையைக் காட்டிய பின்பும் அவரை வெளியேற்ற மறந்தார். மூன்றாவது மஞ்சள் அட்டையின் பின்னரே சிவப்பு அட்டையை எடுத்தார். குரோஷியாவின் 3ஆம் இலக்கத்துக்கு எதிரே எழுதவேண்டியதை அவுஸ்திரேலியாவின் 3ஆம் இலக்கத்துக்கு எதிரே எழுதிவிட்டார் என்பதே அத்தவறு.

அந்தத் தவறு அத்தனை வியப்புக்குரியதன்று என்பது என் எண்ணம். சிமுனிச் பிறந்தது அவுஸ்திரேலியாவின் தலைநகரான கன்பராவில். அவர் பேசிய ஆங்கிலம் அசல் அவுஸ்திரேலிய ஆங்கிலம். அன்று குரோஷியாவின் அணியில் இருந்த ஜோய் டிடுலிக்கா, அந்தே ஷெரிச் ஆகியோரும் அவுஸ்திரேலியாவிலே பிறந்தவர்கள்தாம். எதிர்ப்பக்கத்திலோ கோல் காப்பாளர் கலாச், பொப்போவிச், ஸ்கோக்கோ, சுலினா என்று குரோஷியப் பெயர்கள் வரிசையாக நின்றன. அவர்களுக்கெல்லாம் தலைவனாக, கையிலே தலைவருக்குரிய பட்டியுடன் நின்றவரின் பெயர் மார்க் விடூக்கா.

ஆட்டம் 2-2 என்ற கணக்கில் முடிந்தது. அவுஸ்திரேலியா அடுத்த சுற்றுக்குச் சென்றது. குரோஷியா ஊர் திரும்பியது. தன் தந்தையரின் நாட்டை உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றிய அணிக்குத் தலைமை தாங்கிய அந்த மனிதரின் கதை, கோல்களின் கணக்குக்கு அப்பாற்பட்ட ஒன்று. அதைச் சொல்வதற்கு நாம் மெல்பேர்ணுக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் யூகோஸ்லாவியாவிலிருந்து ஆயிரக்கணக்கான குரோஷியர்கள் அவுஸ்திரேலியாவிற் குடியேறினர். போரில் வீடிழந்தவர்களும், டிட்டோவின் ஆட்சியை வெறுத்து வெளியேறியவர்களும், பிற்காலத்திலே வேலை தேடி வந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். புதிய நாட்டிலே அவர்கள் கட்டிக்கொண்டவை தேவாலயமும் உதைபந்தாட்டக் கழகமும். மெல்பேர்ண் குரோஷியா என்ற கழகம் 1953இல் தொடங்கப்பட்டது. குரோஷியா என்ற நாடு உலக வரைபடத்தில் இல்லாதிருந்த காலம் அது. அந்தப் பெயரைச் சட்டையிலே பொறித்துக்கொண்டு மைதானத்தில் இறங்குவதே அவர்களுக்கு ஓர் அரசியற் பிரகடனமாக இருந்தது. அதே நகரில் யூகோஸ்லாவிய ஒற்றுமையை ஆதரித்தவர்களுக்கும் ஒரு கழகம் இருந்தது. இவ்விரு சாராருக்கும் இடையிலான ஆட்டங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதைப் புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1972இல் மைதானத்தில் ஏற்பட்ட குழப்பமொன்றின் பின்னர் குரோஷியக் கழகம் விக்ரோரிய மாநிலப் போட்டிகளிலிருந்து வெளியேற்றப்பட்டது. பின்னர் மீண்டும் எழுந்து, 1984இல் தேசிய லீக்கில் இடம் பெற்றது.

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் இதனை ஒரு நோயாகவே பல காலம் கண்டனர். கிரேக்கர், இத்தாலியர், குரோஷியர், சேர்பியர், யூதர் என்று ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு கழகத்தை வைத்திருப்பதனால்தான் பொதுமக்கள் இந்த விளையாட்டை அந்நியமாகக் கருதுகின்றனர் என்பது அவர்களது வாதம். 1990களிலே இனப்பெயர்களை நீக்குமாறு கழகங்கள் நெருக்கப்பட்டன. மெல்பேர்ண் குரோஷியா, மெல்பேர்ண் நைட்ஸ் ஆயிற்று. குரோஷியா என்ற நாடு பிறந்த அதே காலகட்டத்தில் குரோஷியா என்ற பெயரைக் கழகம் இழந்தது என்பது காலத்தின் வேடிக்கை.

1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி மெல்பேர்ணிற் பிறந்த விடூக்கா இந்தக் கழகத்தின் பிள்ளை. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகத்திலே பயிற்சி பெற்றுத் திரும்பியவர், நைட்ஸ் கழகத்துக்காக இரண்டே பருவங்களில் 48 லீக் ஆட்டங்களில் 40 கோல்களைப் போட்டார். இரு பருவங்களிலும் லீக்கின் அதிக கோல்களைப் போட்டவர் அவரே. 1995இல் நைட்ஸ் தேசிய சாம்பியனாயிற்று. 1994இலேயே அவுஸ்திரேலிய தேசிய அணியிலும் இடம் பெற்றுவிட்டார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அகன்ற உடலும் கொண்டவர். ஆனால் பந்தைத் தொடும் பாதம் மட்டும் ஒரு சிறிய மனிதனுடையது போல மென்மையானது. பெருத்த உடலைக் கண்டு சோம்பேறி என்று எண்ணியவர்கள் பலர். அந்தப் பழி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை.

ஐரோப்பாவின் கழகங்கள் அவரைத் தேடிய வேளையில்தான் அரசியல் குறுக்கிட்டது. 1995 ஜூன் மாதம் குரோஷிய ஜனாதிபதி பிரான்யோ துஜ்மன் அவுஸ்திரேலியாவுக்கு விஜயம் செய்தார். குரோஷியாவின் சுதந்திரப் போர் அப்போது முடிவுறவில்லை. புலம்பெயர்ந்தோரின் பணமும் ஆதரவும் அவரது கட்சிக்குப் பெரும் பலமாக இருந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் நடைபெற்ற தேர்தலில் வெளிநாடுகளில் வாழும் குரோஷியர்களுக்கெனப் பாராளுமன்றத்திலே 12 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன என்பதும், அவை அனைத்தையும் துஜ்மனின் கட்சியே வென்றது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கன. மெல்பேர்ணில் நின்ற வேளையிலே ஜனாதிபதி நேரடியாகவே அந்த 19 வயது இளைஞனைச் சாக்ரெப் நகருக்கு வந்து விளையாடுமாறு அழைத்தார். ஒரு நாட்டின் தலைவர், அதுவும் தன் குடும்பத்தார் பல தலைமுறைகளாகக் கனவு கண்ட நாட்டின் முதலாவது ஜனாதிபதி, கையைப் பிடித்து அழைக்கும்போது மறுப்பதற்கு எத்தனை பேரால் முடியும்?

துஜ்மனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். அவர் டிட்டோவின் இராணுவத்திலே ஜெனரலாக இருந்தவர். 1950களின் இறுதியில் பெல்கிரேட்டின் பார்ட்டிசான் விளையாட்டுக் கழகத்துக்குத் தலைவராக விளங்கியவர். உதைபந்தாட்டத்தின் அரசியற் பெறுமதியை அவரைப் போல் அறிந்த அரசியல்வாதிகள் குறைவு. சாக்ரெப்பின் புகழ்பெற்ற கழகமான டினமோவின் பெயர் கம்யூனிச காலத்தின் எச்சம் என்று அவர் கருதினார். அதனால் அப்பெயர் 1991இல் மாற்றப்பட்டு, 1993இல் 'குரோஷியா சாக்ரெப்' என்று மறுபடியும் மாற்றப்பட்டது.

ஆனால் அந்தப் பெயரைச் சாக்ரெப்பின் இரசிகர்கள் ஏற்கவில்லை. 'பாட் புளூ போய்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்த இளைஞர்கள் சாதாரண இரசிகர்கள் அல்லர். 1990 மே 13ஆம் திகதி, மக்சிமிர் மைதானத்திலே பெல்கிரேட்டின் ரெட் ஸ்டார் கழகத்துடனான ஆட்டம் கலவரமாக வெடித்தபோது முன்னின்றவர்கள் அவர்கள். டினமோவின் தலைவர் போபான் பொலிஸ்காரர் ஒருவரை உதைத்தது அன்றுதான். பின்னர் அவர்களிற் பலர் போர்முனைக்குச் சென்றனர், சிலர் திரும்பவில்லை. போர் இந்த மைதானத்திலேயே தொடங்கியது என்று கூறும் நினைவுச் சின்னம் ஒன்றும் அங்கே உண்டு. நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியவர்களிடம், உங்கள் கழகத்தின் பெயர் நாட்டுக்கு உகந்ததல்ல என்று கூறினால் என்ன நேரும்? 'டினமோ' என்ற அந்த ஒரு சொல்லே துஜ்மனுக்கு எதிரான கோஷமாயிற்று.

மெல்பேர்ணிலே குரோஷியா என்ற பெயருக்காகப் போராடிய சமூகத்திலிருந்து வந்த இளைஞன், சாக்ரெப்பிலே அதே பெயரை வெறுக்கும் இரசிகர்களின் முன்னால் வந்து நின்றான். இதனை அவன் முன்கூட்டியே அறிந்திருக்க நியாயமில்லை. புலம்பெயர்ந்தோர் மனத்திலே சுமந்து செல்லும் நாடு ஒன்று. அங்கேயே இருந்து அல்லற்படுபவர்களின் நாடு இன்னொன்று.

தொடக்கம் சிறப்பாகவே அமைந்தது. 1996, 1997, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அவரது கழகம் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது. 84 லீக் ஆட்டங்களில் 40 கோல்கள் அவர் கணக்கிலே சேர்ந்தன. ஆயினும் ஆட்டம் தளர்ந்த நாட்களிலே இரசிகர்களின் கோபம் முதலில் அவர்மீதே பாய்ந்தது. ஜனாதிபதி அழைத்து வந்த பிள்ளை, ஜனாதிபதியின் செல்லப்பிள்ளை என்ற முத்திரை அவர்மேல் விழுந்திருந்தது. துஜ்மனை ஏசத் துணிவில்லாத இடத்தில் விடூக்காவை ஏசலாம் அல்லவா? ஆட்சியாளரின் அன்பைப் பெற்ற கலைஞர்களும் விளையாட்டு வீரர்களும் எல்லா நாடுகளிலும் கொடுக்கும் விலைதான் இது. ஆனால் இந்த இளைஞன் அந்த அன்பைத் தேடிப் போனவனல்லன்.

1998ஆம் ஆண்டு டிசெம்பரிலே ஸ்கொட்லாந்தின் செல்ரிக் கழகம் ஏறத்தாழ 35 இலட்சம் பவுணுக்கு அவரை வாங்கியது. சில நாட்களுக்குள்ளேயே, ஓர் ஆட்டம்கூட ஆடாமல், மனஅழுத்தம் காரணமாகத் தன்னால் விளையாட இயலாது என்று கூறி அவர் அவுஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிட்டார். பிரித்தானியப் பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. விளையாட்டு வீரன் ஒருவன் மனம் களைத்துவிட்டது என்று சொல்வதை அக்காலத்தில் எவரும் நம்பத் தயாராக இல்லை. பத்திரிகைத் தொழிலிலே நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கூறுவேன்: அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டவர்களுள் எவரேனும் சாக்ரெப்பில் என்ன நடந்தது என்று ஒரு பந்தியாவது எழுதியிருந்தால் அத்தலைப்புகள் வேறாக இருந்திருக்கும்.

1999இன் முற்பகுதியில் அவர் கிளாஸ்கோவுக்குத் திரும்பினார். அடுத்த பருவத்தில் 25 லீக் கோல்களைப் போட்டு, சக ஆட்டக்காரர்களே தெரிவு செய்யும் ஆண்டின் சிறந்த வீரர் விருதையும் பெற்றார். அதே பருவத்திலேதான், 2000 பெப்ரவரியில், இன்வெர்னஸ் என்ற சிறிய கழகத்திடம் செல்ரிக் 3-1 என்று தோற்று அவமானப்பட்டது. இடைவேளையில் உடைமாற்றும் அறையில் உதவிப் பயிற்றுநருடன் சச்சரவிட்ட விடூக்கா, இரண்டாம் பாதிக்கு ஆடச் செல்ல மறுத்துவிட்டார். அதனை நான் நியாயப்படுத்த மாட்டேன். சக வீரர்களை நடுவழியிலே கைவிடுவதற்கு எந்தக் கோபமும் போதிய காரணமாகாது. அவர் புனிதர் அல்லர். முன்கோபமும் பிடிவாதமும் கொண்டவர்.

2000ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டெட் கழகத்துக்குச் சென்றார். போன கையோடு சிட்னி ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவுக்காக ஆடிவிட்டுத் திரும்பினார். அங்கே அவுஸ்திரேலியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் நவம்பர் 4ஆம் திகதி லிவர்பூலுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தை இங்கிலாந்தின் உதைபந்தாட்ட இரசிகர்கள் இன்றும் பேசுகின்றனர். லிவர்பூல் முதலில் 2-0 என்று முன்னணியில் நின்றது. பின்னர் ஒரு கட்டத்தில் 3-2 என்றும் முன்னணியிலே நின்றது. முடிவு 4-3, வென்றது லீட்ஸ், நான்கு கோல்களும் விடூக்காவுடையவை. கடைசிக் கோலை, ஓடிவந்த காப்பாளருக்கு மேலாக, அவசரமேயின்றி, ஒரு கரண்டியால் அள்ளி ஊற்றுவது போல அவர் தூக்கிப் போட்டார். அவர் அந்த வேளையில் ஓஃப்சைட்டிலே நின்றார் என்று லிவர்பூல் இரசிகர்கள் இன்றைக்கும் வாதிடுவர். விட்டுவிடுவோம்.

அந்தப் பருவத்தில் லீட்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி வரை சென்று வலென்சியாவிடம் தோற்றது. அதன்பின் நடந்தது ஒரு வியாபார வீழ்ச்சி. எதிர்காலத்து நுழைவுச்சீட்டு வருமானத்தை ஈடு வைத்து 6 கோடி பவுண் கடன் வாங்கிய கழகம், எதிர்பார்த்த வெற்றிகள் வராதபோது தன் வீரர்களை ஒவ்வொருவராக விற்றது. மிஞ்சியிருந்த சிலருள் விடூக்காவும் ஒருவர். 2003 மே 4ஆம் திகதி லண்டனிலே ஆர்சனல் அணிக்கு எதிராக ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் அவர் போட்ட கோல் 3-2 என்ற வெற்றியைத் தந்து, கழகத்தை ஓராண்டுக்குக் காப்பாற்றியது. மறு ஆண்டு எதுவும் காப்பாற்றவில்லை. போல்ரன் நகரில் 4-1 என்று தோற்று லீட்ஸ் கீழிறங்கிய நாளிலே, அதன் ஒரே கோலைப் போட்டவரும் அவரே. சிவப்பு அட்டை பெற்று வெளியேறியவரும் அவரே.

மிடில்ஸ்ப்ரோ கழகத்திலே 2006இல் அவர் யூஏஃபா கிண்ண இறுதிப் போட்டிவரை சென்றார். காலிறுதியில் பாசெல் அணியிடமும், அரையிறுதியில் புக்கரெஸ்ட்டின் ஸ்தேவா அணியிடமும் தோல்வியின் விளிம்பில் நின்ற கழகம், இரு தடவையும் சொந்த மைதானத்திலே நான்கு கோல்களைப் போட்டு மீண்டது. இறுதிப் போட்டியில் செவில்லா 4-0 என்று அதனை நசுக்கியது. பின்னர் நியூகாசில் யுனைட்டெட். 2009இல் அக்கழகமும் கீழிறங்க, அத்துடன் அவரது ஆட்டவாழ்வு ஓய்ந்தது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் மட்டும் அவர் போட்டவை 92 கோல்கள்.

தேசிய அணிக்காக 43 ஆட்டங்களில் அவர் போட்டவை 11 கோல்களே. இதைச் சுட்டிக்காட்டி, கழகத்துக்கு ஒரு விடூக்கா, நாட்டுக்கு ஒரு விடூக்கா என்று எழுதியவர்கள் உண்டு. அவரது உள்ளம் எந்த நாட்டிலே இருக்கிறது என்ற கேள்வியும் அந்த எழுத்துகளின் அடியிலே ஓடியது. குடியேறியவரின் பிள்ளை கோலைத் தவறவிட்டால் கேட்கப்படும் கேள்வி அது; ஸ்மித்தின் பிள்ளையிடம் எவரும் அதைக் கேட்பதில்லை.

1997 நவம்பரில் மெல்பேர்ணில் ஈரானுடன் 2-2 என்று முடிந்து உலகக் கிண்ண வாய்ப்பைப் பறித்த ஆட்டத்தின் வேதனையை அறிந்த தலைமுறை அவருடையது. 2001இல் உருகுவேயிடம் மீண்டும் ஏமாற்றம். 1974இன் பின்னர் அவுஸ்திரேலியா உலகக் கிண்ணத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. 2005இல் பயிற்றுநராக வந்த டச்சுக்காரர் கஸ் ஹிடிங்க், விடூக்காவைத் தலைவராக்கினார். கோல் போடுவதை மட்டும் அவரிடம் எதிர்பார்க்காமல், எதிரணியின் பின்கள வீரர்களைத் தன் முதுகிலே சுமந்து நின்று பந்தைக் காத்துப் பிறருக்கு வழங்கும் தூணாக அவரை நிறுத்தினார். அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி சிட்னியில் உருகுவேயுடனான ஆட்டம் தண்ட உதைகளிலே தீர்மானிக்கப்பட்டபோது, விடூக்காவின் உதை கம்பத்துக்கு வெளியே சென்றது. காப்பாளர் ஷ்வாட்சர் இரண்டு உதைகளைத் தடுத்திராவிட்டால், இறுதி உதையை அலோய்சி கோலாக்கியிராவிட்டால், இன்று நான் எழுதும் கட்டுரை வேறாக இருந்திருக்கும். 32 ஆண்டுகள் காத்திருந்த நாடு அவரை மன்னிக்கும் நிலையில் இருந்திராது.

ஜேர்மனியில் அவுஸ்திரேலியா ஜப்பானை 3-1 என்று வென்றது. பிரேசிலிடம் 2-0 என்று தோற்றது. பின்னர் அந்த ஸ்ருட்கார்ட் இரவு. 79ஆவது நிமிடத்தில் கியூவல் போட்ட கோலே குரோஷியாவை வெளியேற்றியது. அடுத்த சுற்றில், பத்துப் பேருடன் ஆடிய இத்தாலியிடம் இறுதிக் கணத்தில் வழங்கப்பட்ட தண்ட உதையினால் 1-0 என்று தோற்று அவுஸ்திரேலியாவும் வெளியேறியது. அது தண்ட உதைக்குரிய குற்றமா என்ற விவாதம் சிட்னியிலே இன்னும் ஓயவில்லை.

அந்த இரவின் மறுபக்கத்திலே நின்ற சிமுனிச்சின் கதையையும் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அவரும் மெல்பேர்ண் நைட்ஸ் சட்டை அணிந்தவர்தாம். 2013 நவம்பரில் சாக்ரெப்பில் ஐஸ்லாந்தை வென்று குரோஷியா உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்ற அன்று, ஒலிவாங்கியைக் கையிலெடுத்து இரசிகர்களை நோக்கி அவர் எழுப்பிய கோஷம், நாசிகளின் துணையுடன் 1940களில் குரோஷியாவை ஆண்ட உஸ்தாஷாக்களின் முழக்கம். சர்வதேச சம்மேளனம் அவருக்குப் பத்து ஆட்டங்கள் தடை விதித்தது. 2014 உலகக் கிண்ணம் அவருக்கு இல்லாமற் போனது. தாய்நாட்டின்மீதான அன்பினாலேயே அவ்வாறு செய்ததாக அவர் விளக்கமளித்தார். கன்பராவிலே பிறந்து வளர்ந்த ஒருவரின் வாயில் அந்தப் பழைய முழக்கம் அத்தனை இயல்பாக வந்ததை நினைக்கும்போது, சிலவற்றைப் பிறந்த மண்ணை விடப் புலம்பெயர்ந்த மண்ணே பத்திரமாகப் பாதுகாத்து வைக்கின்றது என்றே தோன்றுகிறது.

விடூக்கா அவ்வாறான முழக்கங்களிலிருந்து விலகியே நின்றார். 1999 டிசெம்பரில் துஜ்மன் மறைந்தார். இரண்டு மாதங்களில், 2000 பெப்ரவரியில், கழகம் மீண்டும் டினமோ ஆயிற்று. இரசிகர்கள் வென்றனர், விடூக்கா அப்போது கிளாஸ்கோவில் இருந்தார்.

மெல்பேர்ணின் கதை வேறு விதமாக முடிந்தது. பழைய தேசிய லீக் 2004இல் மூடப்பட்டு, 2005இல் ஏ-லீக் என்ற புதிய அமைப்பு உருவாக்கப்பட்டபோது நைட்ஸ் போன்ற சமூகக் கழகங்களுக்கு அங்கே இடமளிக்கப்படவில்லை. 2006இல் ஸ்ருட்கார்ட்டில் ஆடிய வீரர்களை வளர்த்த கழகங்கள் அவையே என்பதை எவரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2014இலே இனப்பெயர்களுக்கு எதிராக மீண்டும் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. 'மெல்பேர்ண் குரோஷியா' என்ற அனுசரணையாளரின் பெயரைச் சட்டையில் இடுவதற்கும் நைட்ஸ் கழகம் வாதாட வேண்டியிருந்தது. 2019இல் அவ்விதி கைவிடப்பட்டது.

நைட்ஸ் மைதானத்திலே பார்வையாளர் கூடம் ஒன்று இருக்கிறது. விடூக்காவைச் சாக்ரெப்புக்கு அனுப்பிக் கிடைத்த பணம் அதைக் கட்ட உதவியது. அது அவரது பெயரையே தாங்கி நிற்கிறது. அவரோ ஆட்டத்தை விட்ட பின்னர் மெல்பேர்ணிலே தங்கவில்லை. தன்னை ஏசிய இரசிகர்கள் வாழும் அதே சாக்ரெப்புக்குக் குடும்பத்துடன் திரும்பிச் சென்று, நகரின் ஓரத்திலே ஒரு காப்பிக் கடை வைத்தார். 2020இல் அவரைத் தேடிச் சென்ற பிரித்தானிய நிருபர்களை அவர் அந்தக் கடையிலே வைத்துத்தான் சந்தித்தார்.